நெறஞ்சிருக்கு

ஆரணி
18-5-2025

அன்புள்ள மஹிமாவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். ஜினு தூங்கினால்தான் பேனா என் கையில் இருக்கும். விழித்திருந்தால் அவள் கையில். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி தேவலை. உன் அண்ணனுக்குக் களம்பூர் மில்லில் இந்த வாரம் காலை ஷிப்ட். நீ எப்படி இருக்கிறாய்? ஹாஸ்டலில் இருட்டுவதற்குள் சாப்பாடு கிடைக்கிறதா என்று அத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்கிறார்கள். விளக்கு வைத்த பிறகு வாயில் பருக்கை வைக்காத சமண வீட்டுப் பெண், சென்னைக்குப் போய் என்ன செய்கிறாளோ என்று அவர்களுக்குக் கவலை.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாத்தனாரும் அண்ணியும் ஒரே வகுப்பில் எம்.பி.ஏ. படித்ததே ஊருக்குச் சிரிப்பு. இப்போது இருவரும் பயிற்சிக்கு வேறு வேறு கம்பெனி, நடுவில் தபால்காரர். அருள்தாஸ் சார் சொன்னது நினைவிருக்கிறதா? "போன வருஷம் அறுபது ரிப்போர்ட் வந்துச்சு. அறுபதையும் ஒரே கம்ப்யூட்டர்தான் எழுதிச்சு. இந்த வருஷம் கையால எழுதணும், ஜோடிக்கு ஜோடி தபால்ல போடணும், உறையில முத்திரை தெரியணும்." என்ன கற்க நினைத்தோம், அதற்கு என்ன செய்தோம், எங்கே சறுக்கியது, அடுத்த தடவை எப்படி மாற்றிக்கொள்வோம் என்று எல்லாம் எழுத வேண்டுமாம். பத்து வாரம். நீ எனக்கு எழுதுவது என்னிடம், நான் உனக்கு எழுதுவது உன்னிடம். ஜூலை இருபத்தொன்றில் இரண்டு கடிதக் கட்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மார்க்.

எனக்கு இது வெறும் மார்க் இல்லை, உனக்குத் தெரியும். ஜினு வயிற்றில் இருந்தபோது பாதியில் நிறுத்திய படிப்பு. இந்தத் தடவையும் தவறினால் கல்லூரியில் மறுபடி சேர்க்கை கிடையாது. உன் அண்ணனும் "இதான் கடைசி அமிர்தா" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பட்டுக் கம்பெனியில் முதல் வாரம் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. முதலாளி ஜெயவேல் சார், "இன்னா கத்துக்கணுமோ நீங்களே பாத்துக் கத்துக்கோங்கம்மா, இங்க யாருக்கும் நேரம் கெடையாது" என்றார். ஆகவே நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கம்பெனிக்கு ஊர் முழுக்க, வீட்டு வீட்டுக்கு, அறுபத்திரண்டு தறி ஓடுகிறது. எந்தத் தறியில் எவ்வளவு பாவு மீதி இருக்கிறது என்று தறிகளுக்குப் பாவு கொண்டுபோகும் குணா என்பவரின் மண்டையில் மட்டும்தான் இருக்கிறது. (பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். உனக்குத் தெரியும், சாருக்காக எழுதுகிறேன்.) அது தீர்ந்து, அடுத்த பாவைக் கம்பெனி கொடுத்தால்தான் தறி மறுபடி ஓடும். இதை ஒரு பட்டியலாக்கப் போகிறேன்.

ஜினு இரண்டு நாளாக என்னை "ஆபீஸ்" என்று கூப்பிடுகிறாள். "ஆபீஸ் வந்துச்சு ஆபீஸ் வந்துச்சு" என்று ஓடி வருகிறாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணி அமிர்தா


சென்னை
25-5-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆபீஸ் அம்மாவுக்கு வணக்கம்!

அண்ணி, இது சார் படிக்கப் போகிற கடிதம். முட்டிவலி, காலை ஷிப்ட், அண்ணன் சொன்ன "கடைசி", இதெல்லாம் எதற்கு? நர்சரி டைரி மாதிரி இருக்கிறது. நான் எழுதுவதைப் பாருங்கள்.

இந்த வார இலக்கு: வாடிக்கையாளர் தகவல்களைப் பகுத்தறியக் கற்றல். செய்தது: வீட்டு உபயோகப் பொருட்களை இணையத்தில் விற்கும் எங்கள் கம்பெனியின் விற்பனைத் தகவல்களை மூன்று வகையாகப் பிரித்தேன். சறுக்கியது: நேர மேலாண்மை. மாற்றிக்கொள்வது: காலையிலேயே முன்னுரிமைப் பட்டியல். எப்படி? நாலே வரி, நறுக்கென்று.

வேலை நிறைய இருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள். ஏசி குளிர்தான் தாங்கவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், தினமும் இருட்டுவதற்குள் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டுவிடுகிறேன்; மெஸ் அக்காவிடம் சொல்லி ஆறு மணிக்கே தட்டு வாங்கிவிடுகிறேன்.

ஜினுவுக்கு என் முத்தங்கள். என்னை என்னவென்று கூப்பிடுகிறாள்? "தபால்" என்றா?

அன்புடன்,
மஹிமா


ஆரணி
5-6-2025

அன்புள்ள மஹிமாவுக்கு,

உன் நறுக்கான கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏசியில் உட்காரும்போது துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள். ஜினு உன் போட்டோவைக் காட்டினால் "மகி தூங்குது" என்கிறாள், ஏனென்று தெரியவில்லை.

நாலு வரியில் எழுதிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. என் வழியில் எழுதிவிடுகிறேன்.

பட்டியல் முடிந்துவிட்டது! பதினாறு நாள், அறுபத்திரண்டு வீடு. ஸ்கூட்டியில் போய், வாசலில் நின்று, "பாவு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டு, போனிலேயே பதிந்துகொண்டேன். மூன்றாம் நாளே ஒரு அடி வாங்கினேன். எந்தச் சேலை எந்தத் தேதியில் முடியும் என்று நான் போட்ட திட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளை விடுமுறையாக விட்டிருந்தேன். கொசப்பாளையம் பக்கம் பூங்காவனம் என்று ஒரு அக்கா. தறிக்குழியில் காலை விட்டபடியே என் போனை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஞாயித்துக்கெழம லீவு கலெக்டர் ஆபீசுக்கும்மா. எங்களுக்கு அமாவாசதான் லீவு. அத்த போடு மொதல்ல." போட்டேன். ஆரணியிலேயே வாழ்க்கைப்பட்டுக்கொண்டு இது தெரியவில்லை பார். சறுக்கல் ஒன்று என்று எழுதிக்கொள்.

நேற்று அந்த அக்காவின் தெருவுக்குக் கடைசியாகப் போனேன். ஆறு வீட்டிலும் "நெறஞ்சிருக்கும்மா" என்றார்கள். ஆறுக்கும் "பாவு நிறைவு" என்று பச்சை நிறம் கொடுத்தேன். இனிப் பதினைந்து நாள் அந்தப் பக்கம் அலைய வேண்டாம், மற்ற தெருக்களுக்கு நேரம் கிடைக்கும். ஜெயவேல் சார் பட்டியலைப் பார்த்துவிட்டு, குணாவிடம், "இத்தினி வருஷமா மண்டையில வெச்சிகினு சுத்தினியே, ஒரு பொண்ணு வந்து போன்ல போட்டுடுச்சு பாரு" என்றார். குணா சிரித்துவிட்டு, "அப்போ என் மண்டைக்கு லீவு குடுங்க சார்" என்றார். நிஜமாகவே கொடுத்துவிட்டார்! ஜரிகை எடுக்க அவரைச் சூரத்துக்கு அனுப்பிவிட்டார். வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை பட்டியல்தான் குணா.

எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "ஜினுக்கு மூக்கு ஒழுகுது, மொதல்ல அத்த பாரு" என்றார்கள்.

பதில் போடு.

அன்புடன்,
அண்ணி


சென்னை
14-6-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் ஜினுவும் நலமா? மூக்கு நின்றதா?

பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை நிறைய. தினமும் ஆபீஸ் முடிய இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது.

இலக்கு: குழுவாகச் செயல்படக் கற்றல். செய்தது: மூன்று கூட்டங்களில் பங்கேற்றேன். சறுக்கியது: கருத்தைச் சொல்வதில் தயக்கம். மாற்றிக்கொள்வது: முன்தயாரிப்பு.

உங்கள் பட்டியல் அருமை. சார் உங்களுக்குத்தான் முதல் மார்க் போடுவார். அண்ணன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் அப்போது.

அன்புடன்,
மஹிமா


ஆரணி
17-6-2025

அன்புள்ள மஹிமாவுக்கு,

எல்லோரும் நலம். ஜினுவுக்குச் சளி இறங்கிவிட்டது. இரண்டு ராத்திரி நெஞ்சு கர்கர் என்று சத்தம் போட்டது, அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ சாப்பிடுகிறாயா?

இந்த வாரம் கம்பெனியில் ஒரு சின்னத் தாமதம். ஒரு தெருவில் ஆறு தறி பன்னிரண்டு நாள் நின்றுவிட்டது. குணா சூரத்திலிருந்து வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. சார் குணாவைத்தான் திட்டினார். "ஊர்ல இல்லன்னா போன்ல கூடவா கேக்க மாட்ட?" என்று, கடையில் எல்லார் முன்னாலும். காரணம் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

இதைச் சாருக்கு எழுதும் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத்தான் நறுக்கென்று வருமே. நீ சொல்லேன்.

அன்புடன்,
அண்ணி


சென்னை
21-6-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்.

இதுக்கா இவ்வளவு யோசனை? இப்படி எழுதுங்கள்: "தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளியால் உற்பத்தியில் தற்காலிகத் தாமதம் நேர்ந்தது. தொடர்பை வலுப்படுத்த வேண்டியதன் அவசியத்தை உணர்ந்தேன்." யாருடைய இடைவெளி என்று எழுதவே வேண்டாம். இடைவெளிக்கு ஆள் கிடையாது, அதுதான் அதில் வசதி.

வேலை நிறைய. பிறகு விரிவாக எழுதுகிறேன். ஜினுவுக்கு முத்தம்.

அன்புடன்,
மஹிமா


ஆரணி
24-6-2025

அன்புள்ள மஹிமாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும்.

போன கடிதத்தில் காரணம் தெரியவில்லை என்று எழுதினேன். அன்றைக்கே தெரியும்.

பதினாறாம் தேதி குணா வந்து, திட்டு வாங்கி, பாவு மூட்டையை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். இந்த நெசவுக்காரர்கள் இல்லாதபோதே இருக்கிறது என்று சொல்லிவிட்டு இப்படி ஏமாற்றுகிறார்களே என்று எனக்குள் கோபம். அப்போது அத்தை போன் செய்தார்கள். "அமிர்தா, வீட்ல அரிசி நெறஞ்சிருக்குது. வரும்போது அஞ்சு கிலோ வாங்கிகினு வா."

சரி அத்தை என்று போனை வைத்துவிட்டேன். கடையை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டும்போதுதான் விளங்கியது. ஒற்றைச் செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன், மஹிமா.

இல்லை, தீர்ந்துவிட்டது என்று யார் வாய் திறந்து சொல்வார்கள்? அரிசியை நாமே சொல்ல மாட்டோம். குங்குமச் சிமிழ் காலியானால் "பெருகிடுச்சு" என்போம். சோறு போடுகிற தறியை அவர்கள் சொல்வார்களா? பாவு தீர்ந்துபோன தறியைப் பார்த்துத்தான் அந்த ஆறு பேரும் எனக்கு "நெறஞ்சிருக்கும்மா" என்றார்கள். நான் பச்சை நிறம் பூசிவிட்டு வந்தேன். வீட்டில் நானே தினம் பேசுகிற பேச்சு, கையில் போனும் கழுத்தில் அடையாள அட்டையும் இருந்ததால் காதில் ஏறவில்லை.

மறுநாள் பூங்காவனம் அக்கா வீட்டுக்குப் போனேன். தறியில் குணா புதுப் பாவை ஏற்றி வைத்திருந்தார், அக்கா அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன்க்கா கம்பெனிக்கு வந்து கேட்கவில்லை?" என்றேன்.

"வந்தேனே. ரெண்டு தபா வந்தேன். நீ இல்ல. பில்லு போடுற அஜித் தம்பி போன பாத்துட்டு, 'உங்க வூட்லதான் நெறஞ்சிருக்குன்னு போட்டிருக்கே'ன்னுச்சு. சிரிச்சிகினே சொல்லிச்சு. கடையில நாலு பேரு பாத்துகினு நின்னாங்க. நக்கல் பண்றாங்கோ, கம்பெனிக்கு நம்ம கை வாணாம் போலன்னு திரும்பிட்டோம். அதுக்கு மேல எப்டிம்மா கேக்கறது? பிச்சையா?"

அஜித்தைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் என் பட்டியலைத்தான் படித்தான்.

பன்னிரண்டு நாள் கூலி போனது அவர்களுக்கு. மானம் போனது குணாவுக்கு. எனக்கு இதுவரை ஒன்றும் போகவில்லை. ஜெயவேல் சாருக்குத் தெரிந்தால் கல்லூரிக்கு என்ன எழுதுவாரோ. கம்பெனி சான்றிதழ் இல்லாமல் இந்தப் பத்து வாரம் செல்லாது. "இதான் கடைசி" என்ற சொல் காதிலேயே இருக்கிறது. ஒரு வாரமாக, குணா எதிரே வந்தால் போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அந்த வார்த்தை மண்டையில் ஓடிக்கொண்டே இருப்பதால் உன் கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்தேன். எட்டு மணி வரை ஆபீஸ் என்கிறாய். இருட்டுவதற்குள் ஹாஸ்டலில் சாப்பிடுகிறேன் என்கிறாய். இரண்டும் எப்படி நடக்கும்? எல்லாக் கடிதத்திலும் "வேலை நிறைய". நம் வீட்டில் நிறைய இருக்கிறது என்றால் என்ன அர்த்தம், மஹிமா?

அன்புடன்,
அண்ணி


ஆரணி
1-7-2025

அன்புள்ள மஹிமாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனிலும் "அப்புறம் பேசறேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். நலமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஜினு முந்தாநாள் தானாகவே "மகி எங்க?" என்று கேட்டாள். அதைச் சொல்லவும்தான் எழுதுகிறேன்.

நேற்று ஜெயவேல் சாரிடம் சொல்லிவிட்டேன்.

காலையில் போனதும் சொல்ல நினைத்தேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது. மத்தியானம் நினைத்தேன், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்குச் சொன்னேன். பட்டியலைத் திறந்து, அந்த ஆறு பச்சைக் கட்டத்தையும் காட்டி, அவர்கள் சொன்னது என்ன, நான் எழுதியது என்ன என்று சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார், மஹிமா. வயிறு குலுங்கச் சிரித்தார். "நெறஞ்சிருக்குன்னா நெறஞ்சிருக்குன்னே எழுதிட்டியாம்மா! எந்த ஊரு நீ?" என்றார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அய்யய்ய. அந்த ஆளை அத்தினி பேரு முன்னாடி பேஜார் பண்ணிட்டேனே நானு."

கொஞ்ச நேரம் மேசை மேல் இருந்த ஜரிகை நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தார். "எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?" என்றார். அதைத்தான் கேட்டுவிடக் கூடாது என்று பயந்திருந்தேன். "பதினாலு நாளா" என்றேன். திட்டியிருந்தால் தேவலை.

அஜித்தை விட்டு எல்லோரையும் கூப்பிடச் சொன்னார். அன்றைக்கு யார் யார் கடையில் இருந்தார்களோ அத்தனை பேரும் வந்து நின்றார்கள். "நான் திட்டினது இவங்க முன்னாடி. நீங்க சொல்றதும் இவங்க முன்னாடி சொல்லுங்க" என்றார். சொன்னேன். பாதி சொல்வதற்குள் குணா, "உடும்மா, உடும்மா" என்றார். முடித்த பிறகு, "என் மண்டைக்கு லீவு குடுத்தீங்கல்ல, அதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து ஏற்ற, கூலி கூடுதலான ஆவணி முகூர்த்தச் சேலைப் பாவுகளை முதலில் அந்த ஆறு வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நானும் குணாவும் கொண்டுபோனோம். நாலு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் பாவை மட்டும் வாங்கிக்கொண்டார். பூங்காவனம் அக்கா, "இனிமே உன்கிட்ட 'காலி'ன்னே சொல்றேன்டியம்மா, ஊரு பழிச்சா பழிக்கட்டும்" என்றார். "வேண்டாம்க்கா, நீங்க எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்றேன். பட்டியலில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறேன்: அவர்கள் சொன்ன சொல், சொன்னபடியே. அர்த்தத்தைக் குணாவிடம் கேட்டு, பக்கத்துக் கட்டத்தில்.

சான்றிதழ் கொடுப்பாரா என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

நீ எனக்கு ஒரு வரியாவது எழுது.

அன்புடன்,
அண்ணி


சென்னை
5-7-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு நலம். மற்றது எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது சரி. நிறைய இருக்கிறது என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். எனக்கு வேலையே இல்லை அண்ணி.

என்னைத் தேர்ந்தெடுத்த மேடம், நான் சேர்ந்த மூன்றாம் நாள் வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் யாருடைய ஆள் என்று யாருக்கும் தெரியவில்லை. "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று ஒரு நாற்காலி காட்டினார்கள். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புகிற பெட்டிகளை அடுக்கி வைக்கிற மூலை அது. இன்னும் வெயிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பத்து மணிக்குப் போகிறேன், நாலு மணிக்கு எழுந்து வருகிறேன், ஆறு மணிக்குச் சாப்பிடுகிறேன். போகும்போது யாரும் கேட்பதில்லை. வரும்போதும் கேட்பதில்லை. முதல் வாரம் இரண்டு பேரிடம் வேலை கேட்டேன். ஒருவர் ஸ்டேப்ளர் பின் வாங்கி வரச் சொன்னார். அதற்குப் பிறகு கேட்க வெட்கமாகிவிட்டது. பூங்காவனம் அக்கா சொன்னதைப் படித்தபோது கடிதத்தை மூஞ்சியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இலக்குகளை ஒரு வெப்சைட்டில் பார்த்து எழுதினேன். சறுக்கியதையும் அதிலிருந்தே எடுத்தேன். நீங்கள் தப்பு செய்தீர்கள். எனக்குத் தப்பு செய்யக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒன்றே ஒன்று. சாருக்கு எழுதத் தகுந்ததா தெரியாது. பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பொழுது போகாமல், அதோடு வருகிற புகார்ச் சீட்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் தமிழில் இருக்கின்றன. அந்தப் பெட்டிகளைப் பார்க்கிற மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "பழுது" என்று குறித்துத் தள்ளிவிடுகிறார். ஒரே மிக்ஸி, நாற்பத்து மூன்று வந்திருக்கிறது. முப்பத்தொரு சீட்டில் "ஓடல". மத்தியானம் யாரும் இல்லாதபோது ஒன்றைப் பிளக்கில் மாட்டிப் பார்த்தேன். மூடியைச் சொடக்கு விழுகிற மாதிரித் திருகினால்தான் ஓடும். திருகினேன், ஓடியது. ஒன்பதை அப்படிப் பார்த்துவிட்டேன், ஒன்பதும் ஓடுகிறது. பழுதே இல்லை. அந்தக் குறிப்பு பெட்டிக்குள் இருக்கிற தாளில் தமிழில் இல்லை, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், யார் நீ என்று கேட்பார்கள்.

அண்ணி, ஒரு உதவி. நம் கடிதங்களை இப்படியே கொடுக்க வேண்டாம். முத்திரை விழுந்த உறைகள் அப்படியே இருக்கட்டும், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிவிடலாம். உங்களுக்கும் சேர்த்து நானே நல்லதாகப் பத்துக் கடிதம் யோசித்துத் தருகிறேன். நீங்கள் உங்கள் கையால் எழுதினால் போதும். உங்கள் தப்பும் வெளியே வராது, என் நாற்காலியும் வராது. இரண்டு பேரும் பாஸ் ஆகிவிடலாம். அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். வாசலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு சென்னைல பெரிய கம்பெனி" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மஹிமா


ஆரணி
9-7-2025

அன்புள்ள மஹிமாவுக்கு,

இன்றைக்கும் நேரமாகிவிட்டது, பொறுத்துக்கொள். எல்லோரும் நலம். அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். ஜினு புதுச் சொல் கற்றிருக்கிறாள், "ஜல்தி". எல்லாவற்றுக்கும் அதுதான். காலையில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "ஆபீஸ், ஜல்தி" என்று வாசலுக்குத் தள்ளுகிறாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த மூலையில் நீ எட்டு வாரமாக உட்கார்ந்திருந்தது தெரியாமல், "சாப்பிடுகிறாயா, துப்பட்டா போட்டுக்கொள்" என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு மன்னித்துக்கொள்.

கடிதத்தை மாற்றுவது பற்றி. பொய் சொல்ல மாட்டேன், ஒரு முழு நாள் அதையே யோசித்தேன். சுலபமாகத்தான் தெரிந்தது. இன்று காலை ஜெயவேல் சார் சான்றிதழ் கொடுத்துவிட்டார். கொடுக்கிறாரே என்று வாங்கி, வெளியே வந்து பிரித்தேன். வழக்கமான "நன்முறையில் பயிற்சி பெற்றார்" இருக்கிறது. அதன் கீழே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "இவர் போட்ட பட்டியலால் ஆறு தறிகள் பன்னிரண்டு நாள் நின்றன. அதை இவரே சொன்னார், பதினாலு நாள் கழித்து. இப்போது அந்தப் பட்டியலைத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம்." அடியில் கம்பெனி முத்திரை.

"இதை எடுத்துவிடலாமா சார்" என்று கேட்கத் திரும்பிப் போனேன். குணா உள்ளே பாவு எடைபோட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே என் கடிதங்களை நான் மாற்ற முடியாது. மாற்றினால் சான்றிதழ் ஒன்று சொல்லும், கடிதம் ஒன்று சொல்லும். அது இல்லாவிட்டாலும் மாற்ற மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உன் அண்ணனிடம் சான்றிதழைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "இதக் குடுத்தா பாஸ் போடுவாங்களா?" என்றார். தெரியாது என்றேன். "சரி, குடு" என்றார். "கடைசி" என்று திரும்பச் சொல்லவில்லை.

என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. அவற்றை அப்படியே கொண்டு வா, கோணல் எழுத்தும் முட்டிவலியும் எல்லாமாக.

உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் தீர்மானிக்க மாட்டேன். ஜோடியில் ஒருவருடையதை மட்டும் கொடுத்தால் வாங்குவார்களா என்று கல்லூரிக்குப் போன் செய்து கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை. வாங்க மாட்டார்களாம். நீ ஐந்தாம் தேதி எழுதியதை வைக்கச் சொன்னால் வைக்கிறேன். அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். ஆனால் நான் ஜூன் இருபத்துநாலில் உன்னைக் கேட்ட கேள்வி உன் கையில் இருக்கிற கடிதக் கட்டுக்குள் இருக்கும். அதற்குப் பதில் இல்லாமல் போனால் சார் கேட்பார். அப்போது என்ன சொல்வது என்றும் நீயே சொல்லிவிடு.

ஒன்று மட்டும் எனக்காகச் செய். உனக்கு இன்னும் ஏழு நாள் ஆபீஸ் இருக்கிறது. அந்த மிக்ஸி விஷயத்தை நாலே வரி, உனக்கு வருகிற மாதிரி நறுக்கென்று இங்கிலீஷில் எழுதி, அந்த மேனேஜர் மேசையில் வை. முடிந்தால் ஒரு மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு போ, அவர் எதிரிலேயே திருகிக் காட்டு. யார் நீ என்று கேட்டால் கேட்கட்டும். எட்டு வாரமாக யாரும் கேட்கவில்லையே.

நம் கட்டைக் கொடுக்க இருபத்தொன்று கடைசி. தபால் போய்ச் சேர மூன்று நாள், திரும்பி வர மூன்று நாள். ஐந்தாம் தேதிக் கடிதத்தை வைக்கட்டுமா, வேண்டாமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
அண்ணி அமிர்தா